காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம்: டெங்கு நம் குருதியோட்டத்தில் என்ன செய்கிறது?

கடந்த மாரியில் என் தம்பிக்கு டெங்கு வந்தது. ஐந்தாம் நாள் காலை காய்ச்சல் விட்டது. அம்மா உரும்பிராயிலிருந்து கஞ்சியோடு வந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "அப்பாடா, விட்டிட்டுது. நாளைக்கு வீட்டை கூட்டிக்கொண்டு போகலாம்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அவன் எழுந்து உட்கார்ந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் விடுதியில் நடந்தது வேறு. அதுவரை சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை வந்த தாதி, இப்போது மணித்தியாலத்துக்கு ஒருமுறை வந்து பிரஷர் பார்த்தார். விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்தார்கள். சிறுநீரை அளந்து எழுதச் சொன்னார்கள். "காய்ச்சல் விட்டிட்டுதே டொக்டர்?" என்று கேட்டேன். "அதாலதான் பிள்ளை. இனித்தான் கவனமா இருக்கோணும்" என்றார் அவர்.

இதற்கிடையில் என் தொலைபேசி ஓயவில்லை. உள்ளூரிலிருந்தும் கனடாவிலிருந்தும் அழைத்த அத்தனை உறவினர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "பிளேட்லெட் எத்தினை?" நானும் கட்டில் முனையில் தொங்கிய அட்டையில் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டாயிரம் என்று சொன்னதும் மறுமுனையில் அழத் தொடங்கியவர்களும் உண்டு.

அன்று மாலை அனுபவமுள்ள ஒரு தாதி என் பக்கத்தில் வந்து நின்றார். "அதைப் பாத்துப் பயப்பிடாதேங்கோ. இதைப் பாருங்கோ" என்று பிசிவி என்று எழுதியிருந்த வேறொரு வரிசையைக் காட்டினார். அனுமதித்த நாளில் 41. அன்று மாலை 50.

அந்த எண்ணின் பொருள் அப்போது எனக்குத் தெரியாது. ஊடகக் கற்கை படித்து, டெங்கு பற்றிப் பல செய்திகள் எழுதிய எனக்கே தெரியாது. அதன்பின் வாசித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். அதற்கு முதலில் நம் உடம்புக்குள் குருதி ஓடும் விதத்தைப் பார்க்கவேண்டும்.

பம்பியும் வாய்க்காலும்

எங்கள் ஊர்ச் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது இலகுவில் புரியும். கிணற்றடியில் மெசின் ஓடுகிறது. தண்ணீர் பெரிய வாய்க்காலில் விழுந்து, கிளை வாய்க்கால்களில் பிரிந்து, கடைசியில் ஒவ்வொரு பாத்தியிலும் பரவுகிறது. பயிர் தண்ணீரைக் குடிப்பது பாத்தியில்தான். வாய்க்கால் வெறும் வழி.

உடம்பிலும் அப்படித்தான். வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லீற்றர் குருதி இருக்கிறது. இதயம் ஒருமுறை சுருங்கும்போது ஏறத்தாழ 70 மில்லிலீற்றரை வெளியே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் நிமிடத்துக்குச் சுமார் 5 லீற்றர். அதாவது ஓய்வாக இருக்கும்போதே உடம்பிலுள்ள முழுக் குருதியின் அளவும் ஒரு நிமிடத்தில் இதயத்தைக் கடந்துவிடுகிறது. வலப்பக்கம் குருதியை நுரையீரலுக்கு அனுப்பி ஒட்சிசன் ஏற்றுகிறது. இடப்பக்கம் அதை உடம்பு முழுவதற்கும் அனுப்புகிறது.

இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோகும் குழாய்கள் நாடிகள். திரும்பக் கொண்டுவருபவை நாளங்கள். இரண்டுக்கும் நடுவில்தான் நம்முடைய 'பாத்தி' இருக்கிறது. பாடசாலையில் நாம் மயிர்த்துளைக் குழாய்கள் என்று படித்தவை அவை. செங்குழியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கிக்கொண்டு போகுமளவு ஒடுங்கியவை. அவற்றின் சுவர் ஒரே ஒரு கலத்தின் தடிப்புத்தான். அந்த மெல்லிய சுவரினூடாகத்தான் ஒட்சிசனும் உணவும் வெளியே போகின்றன, கழிவு உள்ளே வருகிறது.

குருதி சுற்றி ஓடுகிறது என்பதை வில்லியம் ஹார்வி 1628 இல் நூலாக வெளியிட்டார். ஆனால் நாடியிலிருந்து நாளத்துக்குக் குருதி எப்படிப் போகிறது என்பதை அவரால் கண்ணால் பார்க்க முடியவில்லை. 1661 இல் மல்பீகி என்ற இத்தாலியர் தவளையின் நுரையீரலை நுணுக்குக்காட்டியில் பார்த்து அந்த இடைவெளியை நிரப்பினார்.

இந்த அறிவு தமிழுக்கு வந்ததில் உரும்பிராய்க்கு மேற்கே சில மைல் தொலைவிலுள்ள மானிப்பாய்க்குப் பெரிய பங்குண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அங்கே வைத்தியசாலை நடத்தினார். 1860களில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். அவரும் அவருடைய மாணவர்களும் 'மனுஷவங்காதிபாதம்' போன்ற நூல்களைத் தமிழாக்கினார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே உடம்பின் உள்வேலைகளைத் தமிழில் எழுதிய மண் இது. ஆனாலும் இன்று வைத்தியசாலைக் கட்டிலருகே நிற்கும் நமக்குத் தெரிந்த மருத்துவச் சொல் 'பிளேட்லெட்' ஒன்றுதான்.

குருதியில் பாதிக்குமேல் தண்ணீர்

குருதியை ஒரு குழாயில் எடுத்து வேகமாகச் சுழற்றினால் அது பிரியும். அடியில் செங்குழியங்கள் படியும். மேலே வைக்கோல் நிறத்தில் ஒரு திரவம் நிற்கும். அதுதான் திரவவிழையம், பிளாஸ்மா. குருதியில் ஏறக்குறைய 55 வீதம் அது. அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மீதியில் அல்புமின் என்ற புரதம் முக்கியமானது. தண்ணீரைக் குழாய்க்குள்ளேயே இழுத்து வைத்திருப்பது அதுதான்.

சுழற்றிய குழாயில் செங்குழியங்கள் எத்தனை வீதம் இடத்தைப் பிடிக்கின்றன என்பதைக் காட்டும் எண்தான் பிசிவி. தம்பிக்கு முதலில் இருந்த 41 என்பது, நூறு பங்கு குருதியில் 41 பங்கு செங்குழியம் என்று பொருள்.

அது 50 ஆனது எப்படி? இரண்டு நாளில் அவனுக்குச் செங்குழியம் கூடிவிடவில்லை. தண்ணீர் குறைந்துவிட்டது. ஒடியற் கூழை அடுப்பில் வைத்து மறந்துவிட்டால் என்ன நடக்கும்? போட்ட மீனும் இறாலும் பலாக்கொட்டையும் அதே அளவுதான். தண்ணீர் வற்றியதால் கூழ் தடிக்கிறது. தம்பியின் குருதியும் அப்படித்தான் தடித்திருந்தது. முதலில் இருந்த அளவிலிருந்து பிசிவி 20 வீதம் உயர்ந்தால் அது பெருமளவு கசிவின் அடையாளம் என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். 41 இலிருந்து 50 என்பது அந்த எல்லையைத் தாண்டியது.

வற்றிய தண்ணீர் உடம்பை விட்டு வெளியே போகவில்லை. மயிர்த்துளைக் குழாய்களின் சுவரைத் தாண்டி நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் தேங்குகிறது. அந்தச் சுவரின் உட்பக்கத்தில் மிக மெல்லிய ஒரு பூச்சு உண்டு. டெங்கு வைரஸ் வெளியிடும் ஒரு புரதம் அந்தப் பூச்சைச் சிதைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. டெங்கு உண்டா என்று பார்க்கச் செய்யும் என்எஸ்1 பரிசோதனை தேடுவது அதே புரதத்தைத்தான். வைரஸை எதிர்க்க நம் உடம்பு சுரக்கும் இரசாயனங்களும் சுவரைத் தளர்த்துகின்றன. காய்ச்சல் தணியும் நேரத்தில் இந்த எதிர்ப்பு உச்சத்தில் இருக்கிறது. அதனால்தான் நெற்றி குளிரும்போது சுவர் கசியத் தொடங்குகிறது.

டெங்கு வரும் எல்லோருக்கும் இப்படிக் கசிவதில்லை. பெரும்பாலானோர் வெறும் காய்ச்சலோடு தப்பிவிடுகிறார்கள். கசிவு வருபவர்களுக்கு அது 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். அந்த நேரம்தான் ஆபத்து.

பேசிக்கொண்டிருக்கும் நோயாளி

வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் தோட்டக்காரர் என்ன செய்வார்? சில பாத்திகளின் வாயை மண் போட்டு அடைத்துவிட்டு, முக்கியமான பாத்திகளுக்குத் தண்ணீரைத் திருப்புவார். உடம்பும் அதையே செய்கிறது. மூளையும் இதயமும் காயக்கூடாது என்பதற்காக, தோல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றுக்குப் போகும் குழாய்களை இறுக்குகிறது. அதனால் கைகால் குளிர்கிறது. சிறுநீர் குறைகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது.

குழாய்கள் இறுகும்போது இன்னொன்றும் நடக்கிறது. பிரஷரில் இரண்டு எண்கள் உண்டு: இதயம் சுருங்கும்போது இருப்பது மேல் எண், தளரும்போது இருப்பது கீழ் எண். வழமையாக 120க்கு 80 என்றால் இடைவெளி 40. கசிவின்போது கீழ் எண் மேலேறும். மேல் எண் பெரிதாக விழாது. 100க்கு 80 என்று காட்டும்போது நம்மைப் போன்றவர்கள் "பிரஷர் பரவாயில்லை" என்போம். ஆனால் இடைவெளி 20க்கு வந்துவிட்டது. மருத்துவர்கள் அதை அதிர்ச்சி நிலை என்கிறார்கள். அந்த நேரத்திலும் நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கலாம். தொலைபேசியும் பார்க்கலாம். அதன்பிறகு மேல் எண்ணும் சட்டென்று விழுந்தால் மீட்பது மிகக் கடினம்.

அப்படியென்றால் சேலைனை நிறைய ஏற்றினால் என்ன? நானும் கேட்டேன். கசியும் வாய்க்காலில் எவ்வளவு ஊற்றினாலும் ஒரு பங்கு வெளியேதான் போகும். கசிவு நின்றதும், தேங்கிய தண்ணீர் முழுவதும் குழாய்களுக்குத் திரும்பி வரும். அளவுக்கு மிஞ்சி ஏற்றியிருந்தால் அப்போது நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். ஆகவே குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. உடல் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு அரை மில்லிலீற்றராவது சிறுநீர் போகிறதா என்று பார்த்துப் பார்த்து, துளி துளியாகக் கூட்டிக் குறைக்கிறார்கள். தம்பியின் சிறுநீரை அளக்கச் சொன்னதன் காரணம் இதுதான். நான் அதைச் சும்மா ஒரு சடங்கென்று நினைத்து, இரண்டு தடவை அளக்காமலே விட்டிருந்தேன்.

பிளேட்லெட்டும் பப்பாசி இலையும்

குருதிச் சிறுதட்டுக்கள் எனப்படும் பிளேட்லெட்டுகள் காயத்தை அடைத்துக் குருதி உறைய உதவுபவை. ஒரு மைக்கிரோலீற்றர் குருதியில் ஒன்றரை இலட்சம் தொடக்கம் நான்கு இலட்சம் வரை இருப்பது வழமை. டெங்குவில் எலும்பு மச்சையில் அவற்றின் உற்பத்தி குறைகிறது, உள்ளவையும் அழிகின்றன. எண்ணிக்கை ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்குவது, கசிவுக் கட்டம் நெருங்குகிறது என்பதற்கான மணி. அந்த வகையில் அது முக்கியமான எண். ஆனால் மணி அடிப்பது வேறு, தீ வேறு.

நோய் தணிந்ததும் பிளேட்லெட் தானாகவே ஏறும். இரத்தப்போக்கு இல்லாதவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகப் பிளேட்லெட் ஏற்றுவதால் பயனுண்டா என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் செய்த ஆய்வொன்று 2017 இல் லான்செட் சஞ்சிகையில் வெளியானது. ஏற்றியதால் இரத்தப்போக்கு குறையவில்லை. பக்கவிளைவுகள்தான் கூடின.

பப்பாசி இலைச் சாறு பற்றியும் சொல்லவேண்டும். நாங்களும் கொடுத்தோம். அவன் அதைக் குடித்து இரண்டு தடவை சத்தி எடுத்தான். அந்தச் சாறு கசிவை நிறுத்தும் என்பதற்குச் சான்று இல்லை. ஏற்கெனவே தண்ணீர் குறையும் உடம்பிலிருந்து சத்தியால் இன்னும் தண்ணீர் போனதுதான் மிச்சம்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்றை இரண்டாம் நாளே செய்திருந்தேன். உடம்பு நோகுது என்று அவன் சொன்னதும் ஒரு மருந்துக்கடையில் நோவுக்குக் குளிசை கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அது டைக்குளோபெனாக். டைக்குளோபெனாக், ஐபுபுரோபன், அஸ்பிரின் ஆகியவை பிளேட்லெட்டின் வேலையைக் குழப்பும், இரைப்பையில் இரத்தம் கசியவைக்கும். டெங்குக் காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டுந்தான், அதுவும் உரிய அளவில். அனுமதிக்கும்போது மருத்துவர் முதலில் கேட்ட கேள்வியே "வேற என்ன குளிசை குடுத்தனீங்கள்?" என்பதுதான். உண்மையைச் சொல்ல எனக்குச் சில விநாடிகள் பிடித்தன.

நாம் கேட்கவேண்டிய கேள்விகள்

2017 இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு டெங்கு வந்ததாகப் பதிவாகியது. 2023 இன் கடைசியிலும் 2024 இன் தொடக்கத்திலும் யாழ்ப்பாண மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. வடகீழ் பருவமழை முடியும் ஒவ்வொரு மாரியிலும் இது நம் வாசலுக்கு வருகிறது. ஆகவே வீட்டில் ஒருவராவது இவற்றைத் தெரிந்து வைத்திருக்கவேண்டும்.

காய்ச்சல் மூன்றாம் நாளும் தொடர்ந்தால் முழுக் குருதிப் பரிசோதனை செய்யுங்கள். முதல் அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். பிசிவி ஏறியதா என்று பார்க்க ஒப்பிட ஒன்று வேண்டும். வெறும் தண்ணீரோடு நிற்காமல் கஞ்சி, இளநீர், ஜீவனி கொடுங்கள். சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிருங்கள். சத்தி எடுத்தால் இரத்தமா பானமா என்று தெரியாமற் போகும். கடும் வயிற்று நோ, தொடர்ந்து சத்தி, கைகால் குளிர்தல், எங்காவது இரத்தம் கசிதல், அளவுக்கு மீறிய சோர்வு, ஆறு மணித்தியாலம் சிறுநீர் போகாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், காய்ச்சல் இருந்தாலென்ன விட்டாலென்ன, உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

தம்பியின் பிசிவி அடுத்த நாள் நள்ளிரவுக்குப் பிறகு இறங்கத் தொடங்கியது. 47, பிறகு 43. சிறுநீர் தாராளமாகப் போனது. காலையில் பசிக்குது என்றான். அப்போதும் அவனுடைய பிளேட்லெட் முப்பதாயிரத்துக்குக் கீழேதான் இருந்தது. ஆனால் மருத்துவர் சிரித்த முகத்தோடு அட்டையை மூடினார். அது ஏறுவதற்கு இன்னும் மூன்று நாள் எடுத்தது.

போன கிழமை பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவர் அழைத்தார். மகனுக்குக் காய்ச்சலாம். "பிளேட்லெட் தொண்ணூறாயிரம். பயமா தங்கச்சி?" என்று கேட்டார். "காய்ச்சல் எப்ப விட்டது அக்கா? கடைசியா எப்ப சலம் போனவர்? கைகால் சூடா இருக்கோ?" என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "விடியத்தான் விட்டது. சலம்... நான் கவனிக்கேல்லை" என்றார்.

"இப்பவே கூட்டிக்கொண்டு போங்கோ அக்கா" என்றேன்.