தொண்டைமானாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் நதி ஒன்றேனும் இல்லை. எனினும் ஆறு என்னும் சொல்லை நாம் விட்டுவிடவில்லை. வடமராட்சியின் மேற்கெல்லையில், கடலோடு கைகோத்துக் கிடக்கும் நீர்ப்பரப்பின் வாயினைத் தொண்டைமானாறு என வழங்குகின்றோம். பழந்தமிழ் வழக்கின்படி அது கழி எனற்பாலது. நெய்தற்றிணையைக் கற்பிக்கும்போது, கழியும் உப்பும் யாண்டுள எனக் கேட்கும் மாணாக்கருக்கு நான் காட்டும் இடம் இதுவே.

முதற் குலோத்துங்க சோழனின் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான், கரணவாய்ப் பகுதியில் விளைந்த உப்பை மரக்கலங்களில் ஏற்றுதற்பொருட்டு இக்கழியை வெட்டி ஆழமாக்கினான் என்பது செவிவழி வரலாறு. கலிங்கத்துப்பரணி அவனது கலிங்க வெற்றியைப் பாடிற்றேயன்றி இச்செயலைப் பாடவில்லை. புலவர் பாடாததை ஊர்ப்பெயர் காத்து நிற்கின்றது.

இந்நீரைக் கடக்கும் வழிகளும் கருதத்தக்கன. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை செல்லும் வீதி வல்லைப் பாலத்தால் இதனைத் தாண்டுகின்றது. நிழலற்ற அவ்வெளியிலே, வழிப்போக்கர் முனியப்பர் கோயிலில் வண்டியை நிறுத்தி வணங்கிச் செல்வர். மாரியில் வெளிநாட்டுப் பறவைகள் அங்கே இரைதேடும். வடக்கே, கடல்வாயின் அண்மையில், செல்வச்சந்நிதி முருகன் கோயில் விளங்குகின்றது. அங்கே பூசகர் வாயை வெண்டுகிலாற் கட்டி, மந்திரமின்றி மௌனமாகப் பூசை புரிவர். கடற்றொழில் மரபினர் வழிவழி ஆற்றிவரும் பூசை அது. இறைவனுக்கு ஆலிலையில் அமுது படைப்பதும், வந்தார்க்கெல்லாம் அன்னமிடுவதும் அத்தலத்தின் தனிச்சிறப்பு. கதிர்காமப் பாதயாத்திரை புறப்படுவதும் அவ்விடத்திருந்தே.

இனி, நீரின் செய்தி. நமது நிலம் சுண்ணாம்புக்கல்லாலானது. மழைநீர் அதனூடு இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படலமாய் மிதக்கின்றது. நம் கிணறுகள் முகப்பது அப்படலத்தையே. அளவிறந்து இறைத்தால் உவர் மேலெழும். கடல்நீரைத் தடுத்து மழைநீரைத் தேக்கினால் நாளடைவில் நிலமும் நீரும் உவர் கழுவப்பெறும். இக்கருத்தால் 1950களில் தொண்டைமானாற்றிற் கதவுகளோடு கூடிய அணை எழுந்தது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ச. ஆறுமுகம், ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சி நீரேரிக்குக் கொணரத் திட்டம் வகுத்தார். பணி தொடங்கியும் அக்காலத்தில் முற்றுப்பெறவில்லை. கதவுகள் பழுதுற்ற காலங்களில் கடல் மீண்டும் உட்புகுந்தது.

இங்கே வழக்கொன்றும் உண்டு. இறால் உவரை நாடும். வெங்காயம் நன்னீரை நாடும். கதவு திறந்திருப்பின் வலைஞர்க்கு வாழ்வு, அடைத்திருப்பின் உழவர்க்கு வாழ்வு. ஒருவர் பசியை மற்றவர் பசியால் அளத்தல் அறமன்று. எப்பொழுது திறப்பது, எப்பொழுது அடைப்பது என்பதை இருசாராரும் ஒருங்கிருந்து முடிவுசெய்தல் வேண்டும். அதற்குமுன் கதவுகள் செவ்வனே இயங்குதல் வேண்டும். பழுதான கதவு எவர் பக்கமும் நில்லாது.

ஆறு என்னும் சொற்கு வழி என்பதும் பொருள். உப்புக்கு வழியாயிருந்தது, அடியார்க்கு வழியாயிருப்பது, நம் பிள்ளைகளின் குடிநீருக்கும் வழியாகுமாயின், நதியில்லாத நாட்டில் அதனை ஆறு என்றழைத்த முன்னோர் வாக்குப் பொய்யாகாது.