எண்பது ஆட்டம் தோற்றவர்கள்

ஓர் ஆட்டத்தில் தோற்றால் அன்று இரவு தூக்கம் வராது. ஐந்து ஆட்டம் தொடர்ந்து தோற்றால் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. எண்பது ஆட்டம் தொடர்ந்து தோற்றால்?

அப்படித் தோற்ற கல்லூரிக் குழு ஒன்று உண்டு. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் உள்ள பிரெய்ரி வியூ ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் கால்பந்துக் குழுதான் அது. 1989-ம் ஆண்டில் பிடித்த தோல்வி, 1998-ம் ஆண்டு வரை விடவில்லை. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் இவ்வளவு நீண்ட தோல்வி வரிசை வேறு எந்தக் குழுவுக்கும் இல்லை.

ஆனாலும் அந்த மாணவர்கள் வாரந்தோறும் கவசம் மாட்டிக் கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். தோற்பது ஏறத்தாழ நிச்சயம் என்று தெரிந்த பிறகும் ஒருவனை மைதானத்துக்கு வரவழைப்பது எது? இந்தக் கேள்விதான் என்னை அவர்கள் கதையைத் தேடிப் படிக்க வைத்தது.

இது வேறு பந்து

அல்சூர் கௌதமபுரத்தில் பேலேக்குச் சிலை வைத்து நம்மவர்கள் கொண்டாடுகிறார்களே, அந்தக் கால்பந்து அல்ல இது. இதில் பந்து முட்டை வடிவில் இருக்கும். அதைக் கையில் ஏந்தி ஓடலாம், தூக்கி எறியலாம். பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிர்ப் பக்கத்துக்குப் போய்விடும். எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளி. ஆள் மீது ஆள் மோதி விழுவதால் தலைக்கும் தோளுக்கும் கவசம் உண்டு.

ஒரு பருவத்தில் சுமார் 11 அல்லது 12 ஆட்டங்கள்தாம். பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடக்கும். அதனால் ஒரு தோல்வியை அடுத்த சனிக்கிழமை வரை மென்று கொண்டே இருக்க வேண்டும். வகுப்பறையிலும் அதே பேச்சு. சாப்பாட்டுக் கூடத்திலும் அதே பேச்சு.

இதில் ஆடுகிறவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் கூடப் பிற்காலத்தில் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரராக ஆவதில்லை. மற்றவர்களுக்குக் கல்லூரி நாட்களோடு ஆட்டம் முடிந்தது.

பணமும் இல்லை, வெற்றியும் இல்லை

பிரெய்ரி வியூ சாதாரணக் கல்லூரி அல்ல. அடிமைகள் உழைத்த ஒரு பண்ணை நிலத்தில், கறுப்பின இளைஞர்களின் கல்விக்காக 1876-ம் ஆண்டு நிறுவப்பட்டது. பில்லி நிக்ஸ் என்ற பயிற்சியாளரின் காலத்தில், 1950-களிலும் 60-களிலும், கறுப்பினக் கல்லூரிகளிடையே ஐந்து முறை தேசிய வெற்றி வீரர் பட்டம் பெற்றது. கென் ஹூஸ்டன் போன்ற பெரிய ஆட்டக்காரர்கள் அங்கே படித்தவர்கள்தாம்.

அப்படிப்பட்ட குழு பின்னர் பண நெருக்கடியில் சிக்கியது. 1990-ம் ஆண்டு கால்பந்தே நிறுத்தப்பட்டது. 1991-ல் மீண்டும் தொடங்கியபோது ஆட்டக்காரர்களுக்கு உபகாரச் சம்பளம் கிடையாது. எதிர்த்து ஆடிய கல்லூரிகள் நல்ல ஆட்டக்காரர்களை உபகாரச் சம்பளம் கொடுத்து அழைத்து வந்தன. பிரெய்ரி வியூ மாணவனோ படிப்புச் செலவைத் தானே பார்த்துக் கொண்டு, மாலையில் அடிபட்டுக் கொண்டு, சனிக்கிழமை தோற்க வேண்டியிருந்தது.

1991 முதல் 1997 வரை ஏழு பருவங்களில் ஒரு வெற்றி கூட இல்லை. 1991-ல் சேர்ந்து நான்கு ஆண்டு ஆடிய ஒரு மாணவனை எண்ணிப் பாருங்கள். வெற்றி எப்படி இருக்கும் என்று அறியாமலே அவன் பட்டம் வாங்கி வெளியேறியிருப்பான். ஆனால் பட்டம் வாங்கியிருப்பான். விடியற்காலையில் தன்னோடு ஓடிய தோழர்களைப் பெற்றிருப்பான். இவற்றைப் புள்ளிப் பலகை காட்டுவதில்லை.

வாத்தியக்காரர்கள்

அந்தப் பல்கலைக்கழகத்தின் பாண்டு வாத்தியக் குழு மிகவும் பெயர் பெற்றது. குழு தோற்றுக் கொண்டே இருந்த ஆண்டுகளிலும் இடைவேளையில் அவர்கள் அணிவகுத்து வந்து வாசித்தார்கள். ஆட்டத்தைவிட அந்த வாத்தியத்தைக் கேட்கவே வந்தவர்கள் பலர்.

1998 செப்டம்பர் 26-ந் தேதி, ஓக்லஹோமா மாநிலத்தின் லாங்ஸ்டன் பல்கலைக்கழகத்தை பிரெய்ரி வியூ 14-12 என்ற கணக்கில் வென்றது. இரண்டே புள்ளி வித்தியாசம். எண்பது தோல்விக்கும் அன்று முற்றுப்புள்ளி விழுந்தது.

அன்று அந்த வாத்தியக் குழு அங்கே இல்லை! முந்தைய வாரம் இன்னொரு கல்லூரியின் வாத்தியக் குழுவோடு மைதானத்திலேயே கைகலப்பு நடந்ததால், இரு குழுவுக்கும் இரண்டு ஆட்டங்களுக்குத் தடை. தோல்வியில் எல்லாம் துணை நின்றவர்கள் வெற்றியன்று வாசிக்க முடியாமல் போனது. படித்தபோது எனக்கு மனம் கனத்தது. நம் வெற்றிக்கு உழைத்தவர்கள் எல்லாரும் வெற்றி நாளன்று பக்கத்தில் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. நன்றியைத் தோற்கும் நாட்களிலேயே சொல்லி விடுவதுதான் நல்லது.

2009-ம் ஆண்டு பிரெய்ரி வியூ தன் வட்டாரப் பட்டத்தை வென்றது. 1964-க்குப் பிறகு அதுவே முதல் முறை.

ஊதா மைக் கடிதங்கள்

இன்னொரு குழுவையும் சொல்ல வேண்டும். கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் 1986 அக்டோபருக்குப் பிறகு 27 ஆட்டங்களில் 26 தோல்வி, ஒரு சமநிலை என்று கிடந்தது. ஒரு பெரிய விளையாட்டுப் பத்திரிகை 1989-ல் அதை உருப்படாத பல்கலைக்கழகம் என்ற பொருளில் கேலி செய்து எழுதியது.

அந்த நிலையில்தான் பில் ஸ்னைடர் பயிற்சியாளராக வந்தார். முதல் மூன்று ஆட்டங்களும் தோல்வி. நான்காவது ஆட்டத்தில், செப்டம்பர் 30-ந் தேதி, கடைசி நொடியில் பந்தைக் கோடு தாண்டிப் பிடித்து, வடக்கு டெக்ஸாஸ் குழுவை 20-17 என்று வென்றார்கள். கதை அத்தோடு சுபமாக முடிந்ததா? இல்லை. மீதி ஏழு ஆட்டங்களிலும் தோல்வி. அந்தப் பருவக் கணக்கு ஒரு வெற்றி, பத்துத் தோல்வி!

ஆனால் அந்த ஒன்றை அவர் வீணாக்கவில்லை. ஆட்டக்காரர்களுக்கு அவர் வகுத்த குறிக்கோள்கள் 16. அவற்றில் ஒன்று, ஆட்டக்காரனாகவும் மாணவனாகவும் மனிதனாகவும் நாள்தோறும் சிறிது முன்னேறு என்பது. மறு ஆண்டு 5 வெற்றி. அதற்கடுத்த ஆண்டு 7. 1998-ல் வழக்கமான பருவத்தின் 11 ஆட்டங்களையும் வென்றார்கள். 2018-ல் அவர் ஓய்வு பெற்றபோது அவர் பெயரில் 215 வெற்றிகள் இருந்தன.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்லூரியின் நிறமான ஊதா மையில், கைப்படக் கடிதம் எழுதுவார். தம் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் அல்ல. எதிர்க் குழுவினருக்கும் எழுதுவார். 2013-ல் தம் குழுவைத் தம் மைதானத்திலேயே தோற்கடித்த வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழக ஆட்டக்காரருக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்பினார். தோற்ற வாரத்தில் வென்றவனைப் பாராட்ட எவ்வளவு பெரிய மனம் வேண்டும்!

எனக்குத் தெரிந்த ஒரு தோல்வி

நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறி ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவன். பதவி உயர்வுக்கான துறைத் தேர்வை மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் பட்டியலில் என் பெயர் இல்லை. மூன்றாவது முறை, பட்டியல் ஒட்டியிருந்த பலகை முன்னால் கூட்டம் கலைந்த பிறகே போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து புத்தகங்களைக் கட்டிப் பரண் மேல் போட்டு விட்டேன்.

எனக்கு எதிர் மேஜையில் ஓர் அண்ணன் இருந்தார். நான் படிப்பதற்காக என் இரவுப் பணியைத் தாம் எடுத்துக் கொண்டவர். ஒரு முறை அல்ல, மூன்று ஆண்டுகளும். தோற்ற பிறகு அவர் முகத்தைப் பார்க்கவே கூசினேன். தேறினால்தான் நன்றி சொல்லத் தகுதி உண்டு என்று நினைத்து விட்டேன் போலும். அவர் ஓய்வு பெற்றுத் தங்கவயலுக்கே போய்விட்டார். வழியனுப்பு விழாவில் மாலை போட்டேன். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சென்ற மாதம் அவருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். ஊதா மை இல்லை, ஆபீஸ் பேனாதான். "அண்ணா, நான் தேறவில்லை. ஆனாலும் நீங்கள் விழித்த இரவுகளை மறக்கவில்லை" என்று எழுதினேன். எழுதி முடித்ததும் ஒன்று விளங்கியது. இத்தனை நாளும் என் மூன்று தோல்வியை மட்டுமே எண்ணிக் கொண்டிருந்தேன். அவர் எனக்காக விழித்த இரவுகளை எண்ணவே இல்லை. எண்ணியிருந்தால் புத்தகம் பரண் ஏறியிருக்காது.

தோல்விக்கு யாரும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. தோல்வி கசப்புதான். ஆனால் அந்த நேரத்திலும் நம்மோடு ஓடுகிறவர் யார், நமக்காக வாசிக்கிறவர் யார், நம் இரவைத் தாம் விழிக்கிறவர் யார் என்று பார்த்தால், மறுநாள் எழுந்து போக ஒரு காரணம் கிடைக்கிறது. வேறு ஊக்கம் வரும் வரை அந்தக் காரணம் போதும்.

நம் வீடுகளிலும் பரீட்சையில் தவறிய பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களிடம் மார்க்கைக் கேட்பதற்கு முன்னால், படிக்கும்போது உனக்கு உதவியவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். அவர்களைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

அண்ணனிடமிருந்து பதில் வந்தது. நலம் விசாரித்து நான்கு வரி. கடைசி வரியில் அடுத்த தேர்வு எப்போது என்று கேட்டிருந்தார். பரணிலிருந்து புத்தகங்களை இறக்கி விட்டேன்.