77 டெராபைட்டை அழிச்ச ஸ்கிரிப்ட்

இன்னைக்கு பேரலல் ஃபைல் சிஸ்டம். பேரைக் கேட்டதும் ஸ்கிப் பண்ணிடாதீங்க, ஒரு பகீர் கதை இருக்கு.

சூப்பர்கம்ப்யூட்டர்ல ஒரு பருவநிலை மாடல் ஓடுதுன்னு வைங்க. ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே நேரத்தில் டேட்டாவை எழுதப் பார்க்கும். எல்லாம் ஒரே சர்வர் வாசலில் நின்றால், கணக்குப் போடுறதைவிடக் காத்திருக்கிறதுலதான் நேரம் போகும்.

லஸ்டர் இதை வேலையைப் பிரிச்சுச் சமாளிக்குது. (லினக்ஸ், கிளஸ்டர் ரெண்டையும் ஒட்டி வச்ச பேரு.) ஃபைலோட பேரு, எந்தத் துண்டு எங்கே இருக்கு என்ற விவரமெல்லாம் மெட்டாடேட்டா சர்வரில். உள்ளடக்கத்தைத் துண்டு போட்டுப் பல ஸ்டோரேஜ் சர்வர்களில் பரப்பி வைக்கலாம், அதுதான் ஸ்ட்ரைப்பிங். ஒருமுறை முகவரி வாங்கிட்டா, அப்புறம் ஸ்டோரேஜ் சர்வர்களோட நேரடிப் பேச்சுதான். அதனால பெரிய ஃபைல்னா பறக்கும். லட்சக்கணக்கான குட்டி ஃபைல்னா திணறும், ஒவ்வொண்ணுக்கும் முகவரி கேக்கணும்ல!

பயன்படுத்துறவங்க கண்ணுக்கு இதெல்லாம் ஒரே ஃபோல்டர். வசதிதான். ஆனா ஒரு தப்பான கட்டளைக்கும் அதே வசதி உண்டு.

கியோட்டோ பல்கலைக்கழகம், டிசம்பர் 2021. அங்கே லஸ்டர் ஸ்டோரேஜுக்கு ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட். 10 நாளைத் தாண்டின லாக் ஃபைல்களை அழிக்கிறதும் அதோட வேலை. அது ஓடிக்கிட்டிருக்கும்போதே மேல புது வெர்ஷனைப் போட்டுட்டாங்க. பாஷ் ஷெல் ஸ்கிரிப்டை முழுசாப் படிச்சுட்டு ஆரம்பிக்காது, படிச்சுக்கிட்டே ஓட்டும். பாதியில் புது வெர்ஷனுக்குத் தாவிடுச்சு. எந்த இடத்தில் அழிக்கணும்னு சொல்ற வேரியபிள் காலி. லாக்குக்குப் பதிலா ஆராய்ச்சியாளர்களோட ஃபைல்கள் போக ஆரம்பிச்சது.

14ஆம் தேதி சாயங்காலத்திலிருந்து 16ஆம் தேதி வரை, சுமார் 77 டெராபைட். 3 கோடியே 40 லட்சம் ஃபைல்கள், 14 குழுக்களோடது. அதில் 4 குழுக்களின் டேட்டாவை பேக்கப்பிலிருந்தும் மீட்க முடியாதுன்னு அறிவிச்சாங்க. யாரோட எத்தனை வருஷ உழைப்போ! ஸ்டோரேஜைப் பராமரிச்ச ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனம், முழுப் பொறுப்பும் தங்களுடையதுன்னு ஒப்புக்கிட்டது.

இதில் லஸ்டர் எதுவும் கெட்டுப்போகல, கவனிச்சீங்களா? டிஸ்க் செத்தா ரெய்டு காப்பாத்தும். முறையா வந்த அழிப்புக் கட்டளையை அது ஏன் தடுக்கப்போகுது? மிரர் பேக்கப் மட்டும் போதாதுன்னு, மாற்றங்களைத் தனித்தனியா சேமிக்கும் இன்கிரிமென்டல் பேக்கப்பையும் சேர்க்கப்போறதா பல்கலைக்கழகம் அப்புறம் சொன்னது.