இரண்டு டன் மணலும் நான்கு நண்பர்களும்

பழைய நண்பர்கள் ஊருக்கு வந்தால் கடற்கரைக்குக் கூட்டிப்போவது நம் வழக்கம். ஆளுக்கொரு பொட்டலம் சுண்டல், கொஞ்ச தூரம் நடை, நாலு படம், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்ற விசாரிப்பு. அரை மணியில் பேச்சு வற்றி, கை தானாகக் கைபேசிக்குப் போய்விடுகிறது. பாசம் போய்விட்டதாக இதற்குப் பொருளில்லை. பந்தல் போட்டது, ஆண்டு விழாவுக்குத் தோரணம் கட்டியது என்று எதையாவது சேர்ந்து செய்யும்போது வளர்ந்த நட்பு அது. 20 ஆண்டு கழித்து எதிரெதிரே உட்கார்ந்து பேசு என்றால் திணறத்தான் செய்யும். அதனால் அப்படிக் கூடும் நாளில் மணற்சிற்பம் செய்யுங்கள் என்பது என் கட்சி. அதற்கான காரணம் மணலுக்குள்ளேயே இருக்கிறது.

காய்ந்த மணலைக் குவித்தால் சரிந்து சரிந்து தாழ்வான மேடாகவே நிற்கும். ஈரம் பட்டதும் இரண்டு மணிகள் தொடும் இடத்தில் ஊசிமுனை அளவுகூட இல்லாத ஒரு நீர்ப்பாலம் உண்டாகி, பரப்பு இழுவிசையால் இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் மிகுந்து இடைவெளியெல்லாம் நிரம்பிவிட்டால் பாலமும் இல்லை, பிடிப்பும் இல்லை. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, கன அளவில் சுமார் 1 சதவீதம் நீர் இருந்தாலே மணல் மிக உறுதியாக நிற்கும் என்று காட்டியது. அடிப்பாகத்தின் ஆரத்தை 8 மடங்காக்கினால் தூணின் உயரம் 4 மடங்குதான் கூடும் என்பதும் அதிலிருந்து தெரியவரும் கணக்கு. உயரத்துக்கு ஆசைப்பட்டால் அடியை அகலமாகப் போட்டாக வேண்டும்; மணல் அள்ளியே இடுப்பு ஒடியும். ஒரு மீட்டர் ஆரம், ஒரு மீட்டர் உயரம் உள்ள கூம்புக்கு ஏறக்குறைய ஒரு கன மீட்டர் மணல் வேண்டும். ஈரத்தோடு எடை 2 டன்னை நெருங்கும். 10 லிட்டர் வாளியில் நூறு வாளிக்கு மேல். தனி ஆளால் முடியாது. ஒருவர் தண்ணீர் சுமக்க, ஒருவர் அள்ளிப் போட, ஒருவர் ஏறி மிதிக்க, நான்காமவர் தள்ளி நின்று கோணல் பார்க்க வேண்டும். நடுநடுவே வரும் பேச்சுக்கு யாரும் தலைப்பு தேட வேண்டியதில்லை.

"எங்களுக்குச் சிற்பம் வராதே" என்பார்கள். ஒடிசாவின் புரி கடற்கரையில் மணற்சிற்பத்தை உலகறியச் செய்து, 2014இல் பத்மஸ்ரீ பெற்ற சுதர்சன் பட்நாயக், கலைக்கல்லூரியில் படித்தவரல்ல. அந்தக் கரையிலேயே கற்றவர். அவருடைய திறமை எல்லோருக்கும் வாய்க்காது, உண்மைதான். ஆனாலும் தொடங்குபவர்கள் தவறுவது பெரும்பாலும் செதுக்குவதில் இல்லை, மிதிப்பதில்தான். அடுக்கடுக்காகத் தண்ணீர் ஊற்றி மிதித்து, மிச்ச நீர் வடியவிட்டு, உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி வந்தால் முடித்த இடத்தில் மண் விழாது. கொத்தனார் கரண்டி, தோசைத்திருப்பி, பழைய பெயின்ட் பிரஷ் போதும். முதல் முயற்சிக்கு ஆமையைச் செய்யலாம்: அகன்ற அடி, தாழ்ந்த முதுகு, ஒடிந்து விழக் கழுத்து நீண்டிருக்காது.

அலை கொண்டுபோகும் ஒன்றுக்கு இவ்வளவு பாடா என்ற கேள்விக்கு வலு உண்டு. ஆனால் கடல் வற்றிய நேரத்திலிருந்து மறுபடி ஏறிவர ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகும். நண்பர்கள் சேர்ந்திருக்கக் கிடைக்கும் பொழுதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அழியப்போகிறது என்று தெரிந்திருப்பதால்தான் யாரும் எழுந்து போகாமல் கடைசிவரை கை கொடுக்கிறார்கள்.

கரைக்குக் கேடு என்ற ஆட்சேபத்தை மட்டும் நான் மறுக்கமாட்டேன். மணல் எடுத்த குழி முழங்காலுக்கு மேல் ஆழமாக வேண்டாம். பக்கச்சுவர் சரிந்தால் உயிருக்கே ஆபத்து. சென்னைக் கரையிலும் ஒடிசாக் கரையிலும் ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறிவந்து முட்டையிடுகின்றன. ஏறக்குறைய 50 நாளில் வெளிவரும் குஞ்சு உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒரு சாண் குழியில் விழுந்தாலும் அதனால் ஏற முடியாது. கிளம்பும் முன் குழிகளை மூடி, காலால் மிதித்துச் சமன் செய்துவிட்டு வாருங்கள்.