அட்டையில் உள்ள வாட் கூரையில் வராது

கெடாவின் சுங்கைப் பட்டாணி வட்டாரத்துக்குச் சூரிய மின்சாரம் புதிதல்ல. புக்கிட் செலம்பாவில் மின் நிறுவனமான தெனாகா நேஷனலின் 30 மெகாவாட் சூரியப் பண்ணை இருக்கிறது. பக்கத்து மாவட்டமான கூலிமில், அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் 2008இல் சூரியப் பலகை தயாரிக்கத் தொடங்கியது. ஆனால் கூலிம் பலகையைத் தேடி நம் ஊர்க் கடைகளில் அலைய வேண்டாம். அது கண்ணாடியில் கேட்மியம் டெலுரைடு பூசிச் செய்வது. பெரிய மின்நிலையங்களுக்குப் போவது. நமக்குக் கடையில் கிடைப்பது சிலிக்கான் பலகைதான்.

கம்பி போகாத டுரியான் தோட்டத்துக் கொட்டகை, கரண்டு போனாலும் நாலு விளக்கும் ஒரு காற்றாடியும் ஓட வேண்டும் என்று நினைக்கும் பழைய லயத்து வீடு, இவற்றுக்கு எந்தப் பலகை பொருந்தும்? தெனாகா கம்பியோடு இணைக்கும் பெரிய கூரை ஏற்பாடு வேறு கதை. அதற்குப் பதிவுபெற்ற குத்தகையாளர் வேண்டும்.

முதலில் தேவையைக் கூட்டுங்கள். 9 வாட் விளக்கு நான்கு, ஐந்து மணி நேரம்: 180 வாட்-மணி. 30 வாட் டிசி காற்றாடி எட்டு மணி நேரம்: 240. கைப்பேசிகளுக்கு 80. மொத்தம் 500. மழை மேகத்தையும் கணக்கில் வைத்து, முழு வெயில் நாளுக்கு நான்கு மணி நேரம் என்று கொள்வோம். வழியில் மூன்றில் ஒரு பங்கு போல வீணாகும். ஆக, 200 வாட் பலகை போதும்.

அந்த 200 வாட் எங்கே அளந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பலகையின் முதுகில் ஒட்டியிருக்கும் அட்டையைப் படியுங்கள். செல்லின் வெப்பம் 25 பாகை செல்சியஸ், ஒளி சதுர மீட்டருக்கு 1,000 வாட் என்று இருக்கும். நம் ஊரில் 25 பாகை விடியற்காலையில் இருக்கும். அப்போது வெயில் இருக்காது. உச்சிவேளையில் தகரக் கூரைமேல் செல் 60, 65 பாகையைத் தொடும். சிலிக்கான் பலகை ஒவ்வொரு பாகைக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு திறனை இழக்கும். 40 பாகை கூடினால் 12 முதல் 16 விழுக்காடு போச்சு. ஆகவே கடைக்காரர் சொல்லும் செயல்திறன் விழுக்காட்டைவிட இந்த வெப்ப இழப்பு எண்ணே கெடாவில் முக்கியம். அது சிறியதாக இருக்கட்டும். பலகைக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு சாண் காற்று ஓடட்டும். தகரத்தோடு ஒட்டிவிடும் வளையும் பலகைகளை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அடுத்தது வோல்ட். பணம் அதிகம் வீணாவது இங்கேதான். 36 செல் கொண்ட சிறிய பலகை ஏறக்குறைய 18 வோல்ட் தரும். 12 வோல்ட் பேட்டரிக்கு அது பொருத்தம். 'பெரிசா வாங்கினால் வாட் மலிவு' என்று வீட்டுக் கூரைக்கான 400 வாட் பலகையை வாங்கி வருவோர் உண்டு. அது 31 வோல்ட், 13 ஆம்பியர். மலிவான பிடபிள்யூஎம் கட்டுப்பாட்டுக் கருவியோடு அதை 12 வோல்ட் பேட்டரிக்குக் கட்டினால், கருவி ஆம்பியரை மட்டும் கடத்தும். வோல்ட் பேட்டரியின் 13க்கு இறங்கிவிடும். 13 பெருக்கல் 13, சுமார் 170 வாட். பாதிக்குமேல் காணோம்! மிச்ச வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும் எம்பிபிடி கருவியும் சேர்த்து வாங்குவதாக இருந்தால் மட்டும் பெரிய பலகையைத் தொடுங்கள்.

நிழலும் பார்க்க வேண்டும். செல்கள் தொடராக இணைந்திருப்பதால், ஒரு தென்னை மட்டையின் நிழல் சில செல்களை மூடினாலே பலகையின் பெரும்பகுதி படுத்துவிடும். மேல் பாதியும் கீழ் பாதியும் தனித்தனியே இயங்கும் பாதிவெட்டுச் செல் பலகை இதைக் கொஞ்சம் தாங்கும். ரப்பர் மரங்களின் காலை, மாலை நிழலை விட்டுவிடலாம். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் விழும் நிழலை விடக் கூடாது.

திசையைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஆறு பாகைக்குள் இருக்கிறோம். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடும். பத்துப் பாகை சாய்வு கொடுத்தால் மழையே அழுக்கைக் கழுவிவிடும்.

வாங்கும்போது அந்தப் பலகைக்குரிய விவரத்தாளைக் கேளுங்கள். வெப்ப இழப்பு, வோல்ட், ஆம்பியர் மூன்றும் அதில் இருக்கும். தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.