போட்டி (வணிகச் சொல்)

போட்டி என்பது ஒரே வாடிக்கையாளரை அல்லது ஒரே சந்தையைப் பிடிக்கப் பலர் முயல்வதைக் குறிக்கும் பெயர்ச்சொல். தெலுங்கிலும் ஏறத்தாழ இதே வடிவில் வழங்குகிறது. போட்டியாளர், போட்டிக்கடை, போட்டாபோட்டி ஆகியன இதனடியாகப் பிறந்தவை. 'ஏட்டிக்குப் போட்டி' என்பது வேறு. ஆதாயம் கருதாமல், பிறர் செய்வதற்கு எதிராகவே செய்வதை அது சுட்டும். மாணவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு.

பேச்சு வழக்கில் போட்டியும் பொறாமையும் இணைந்தே வருவதால் இச்சொல்லுக்குச் சற்றுக் கெட்ட பெயர். அது முழுவதும் நியாயமன்று. 1906-இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, ஆங்கிலேயக் கம்பெனிக்குப் போட்டியாகத் தூத்துக்குடி–கொழும்பு இடையே கப்பல் விட்டார். பயணக் கட்டணம் இறங்கியது, மக்களுக்கு லாபம். ஆனால் ஆங்கிலேயக் கம்பெனி கட்டணமே வாங்காமல் ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. அது போட்டியன்று, போட்டியாளரை ஒழிக்கும் முயற்சி. வ. உ. சி. 1908-இல் சிறைப்பட்டபின் நலிந்த சுதேசிக் கம்பெனி 1911-இல் கலைக்கப்பட்டது.

சந்தையில் ஆதிக்கமுள்ள நிறுவனம் போட்டியாளரை ஒழிக்க அடக்கவிலைக்கும் கீழே விற்பதை இந்தியாவின் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் தடுக்கிறது. அங்கே போட்டி என்பது காக்கப்படவேண்டிய ஒன்று.