செவிக்கும் ஹெட்போனுக்கும் கேடு செய்யாத பெருக்கி

இனிய இசையை விரும்பாதார் யார்? ஆனால் அவ்விசையை நம் செவிக்குக் கொண்டுவரும் கருவியைத் தேர்ந்தெடுப்பதில், ஒரு சோடிச் செருப்பு வாங்கும்போது காட்டும் கவனத்தைக்கூட நம்மில் பலர் காட்டுவதில்லை. நானும் அவ்வாறே இருந்தவன். அதற்கு நான் கொடுத்த விலை, ஒரு நல்ல ஹெட்போனின் இடக்காது. அந்தக் கதையைச் சொல்லி, ஆம்ப்ளிபையர் எனப்படும் பெருக்கியை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை மன்ற நண்பர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

நெல்லைச் சீமையிலிருந்து சென்னை வந்து, அங்கே கப்பலேறி மூன்று நாள் அலையில் ஆடி, கடலுயிரியல் படிக்க இத்தீவுக்கு வந்தேன். 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் எனக்கு உற்றார் உறவினர் ஒருவரும் இல்லை. மாலை ஐந்தரை மணிக்கே இருட்டிவிடும் ஊரில் நீண்ட இரவுகளுக்குத் துணை இசைதான். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி வடம் இங்கு வந்து சேர்ந்த பிறகு, விரும்பிய பாட்டைத் தட்டுத் தடங்கலின்றிக் கேட்க முடிகிறது. ஆதலின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில், 1997 முதல் விற்பனையில் உள்ள சென்ஹைசர் எச்.டி. 600 என்னும் ஹெட்போனை வாங்கினேன். பாட்டுக்கு மட்டும் அன்று. பவளப்பாறைகளின் அடியில் பதிவு செய்த ஒலிகளைக் கேட்டுக் குறிப்பெடுப்பதற்கும் அதுவே எனக்குக் கருவி. (சொடுக்கு இறால்கள் எழுப்பும் ஓசை, சட்டியில் கடுகு வெடிப்பது போலவே இருக்கும். கேட்க விரும்புவோர் என் அறைக்கு வரலாம்.)

ஹெட்போன் வாங்கியதில் பணம் தீர்ந்துவிட்டது. ஆகவே பெருக்கியை மலிவாக ஓரிடத்தில் வாங்கினேன். செய்தவர் பெயரும் விற்றவர் பெயரும் இங்கு வேண்டா. மின்னும் உலோகப் பெட்டி, பெரிய திருகு, நீல விளக்கு. ஓசையும் நன்றாகவே இருந்தது. சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு இரண்டு முறை மின்சாரம் போய்ப் போய் வந்தது. நான் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தவன், பெருக்கியை அணைக்காமலே உறங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் இடப்பக்கம் பேச்சுமூச்சு இல்லை.

அபர்தீன் கடைத்தெருவில் வானொலி பழுது பார்க்கும் தமிழ்ப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஹெட்போனை அவரிடம் கொண்டுபோனேன். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். வலப்பக்கம் 300 ஓம் அளவில் காட்டியது. இடப்பக்கம் முள் அசையவே இல்லை.

“ராத்திரி பூரா இதை மாட்டியே வச்சிருந்தியா, தம்பி?”

“ஆமாம் ஐயா.”

“ஹெட்போனை மட்டும் கொண்டுவந்தா எப்படி? இதைக் கொன்னது யாருன்னு பார்க்க வேண்டாமா? போய்ப் பெருக்கியை எடுத்துக்கிட்டு வா.”

எடுத்துச் சென்றேன். பாட்டு எதுவும் போடாமல், திருகையும் முழுக்கக் குறைத்துவிட்டு, வெளிவாயில் மீட்டரை வைத்தார். வலப்பக்கம் சில மில்லிவோல்ட். இடப்பக்கம் 11 வோல்ட் டி.சி.! உள்ளே இருந்த டிரான்சிஸ்டர் ஒன்று கெட்டு, மின்வழங்கியின் அழுத்தத்தை அப்படியே வெளிவாய்க்குத் தந்துகொண்டிருந்தது.

இதன் பொருளை நண்பர்கள் நன்கு உணர வேண்டும். ஹெட்போனுக்குள் தலைமயிரினும் மெல்லிய கம்பியால் ஆன சுருள் ஒன்று காந்தப் புலத்தில் தொங்குகிறது. இசை என்பது மாறுமின்னோட்டம். அது சுருளை முன்னும் பின்னும் அசைக்கும். நேர்மின்னோட்டமோ சுருளை ஒரு பக்கமாகத் தள்ளி நிறுத்திவிட்டுச் சூடேற்றும். அதில் ஓசை எழாது. ஆகவே எச்சரிக்கையும் இல்லை. 11 வோல்ட்டை 300 ஓம் சுருளுக்குக் கொடுத்தால் எழும் ஆற்றல் 0.4 வாட். அந்த ஹெட்போன் நெடுநேரம் தாங்கக்கூடியது 0.2 வாட்தான். நாம் இயல்பாக 80 டெசிபெல் அளவில் பாட்டுக் கேட்கும்போது அதற்குள் செல்லும் ஆற்றலோடு ஒப்பிட்டால், அன்றிரவு சென்றது ஏறக்குறைய 6,000 மடங்கு. கருகாமல் என்ன செய்யும்? 32 ஓம் உள்ள ஹெட்போனாக இருந்திருந்தால் இரவு முழுதும் காத்திருக்கத் தேவையில்லை. அதற்குள் 3 வாட்டுக்கு மேல் சென்றிருக்கும்.

ஆகவே பெருக்கி வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “இனிமையாக ஒலிக்குமா?” என்பதன்று. “கெட்டுப்போனால் எப்படிக் கெடும்?” என்பதே. நல்ல பெருக்கியில் வெளிவாய்க்கும் ஹெட்போனுக்கும் இடையே ரிலே எனப்படும் சிறு காவற்காரன் இருப்பான். மின்சாரம் வந்து எல்லாம் நிலைபெறச் சில நொடிகள் ஆகும் வரை அவன் கதவைத் திறக்கமாட்டான். நேர்மின்னழுத்தம் தோன்றினால் உடனே மூடிவிடுவான். விசையைப் போட்டதும் சற்றுப் பொறுத்து ‘டிக்’ என்று மெல்லிய ஒலி பெட்டிக்குள் கேட்டால் அவன் வேலையில் இருக்கிறான் என்று கொள்ளலாம். ஹெட்போனிலேயே ‘டப்’ என்று அறைந்தால் அந்தப் பெருக்கி வேண்டா. வால்வுப் பெருக்கி வைத்திருப்போர் இதில் மேலும் கருத்தாக இருக்க வேண்டும். வெளிவாயில் மின்மாற்றி இல்லாத வகைகளில், பெரிய மின்தேக்கிகள் நிரம்பும்போது அதிர்ச்சி ஓட்டம் வெளிவரும். வால்வு சூடேறிய பின் ஹெட்போனை மாட்டுவதும், அணைக்குமுன் கழற்றுவதும் நன்று. பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டா. உள்ளே நூறு வோல்ட்டுக்கு மேல், செருகியைப் பிடுங்கிய பின்னும் தங்கியிருக்கும்.

இனி இனிமைக்கு வருவோம். வியப்பு யாதெனில், ஹெட்போனைக் காக்கும் எளிய எண்களுக்குப் பக்கத்து வீட்டில்தான் இனிமையின் எண்களும் குடியிருக்கின்றன.

எச்.டி. 600-க்கு 1 வோல்ட் கொடுத்தால் 97 டெசிபெல் ஒலி எழும். சராசரி 80 டெசிபெல்லில் கேட்பவருக்குத் தவிலின் ஓர் அடி 100 டெசிபெல் வரை தாவலாம். அதற்கு வேண்டியது 1.4 வோல்ட். உச்சம் 110 டெசிபெல் வரை சிதையாமல் வர வேண்டுமென்றால் 4.5 வோல்ட், 15 மில்லியாம்பியர். அவ்வளவே! கைப்பேசியில் மாட்டும் சிறு இணைப்பான்களில் நல்லவை 1 வோல்ட்டோ அதற்கு மேலோ கொடுக்கின்றன. எனவே மென்மையாகக் கேட்பவருக்குத் தனிப் பெருக்கியே தேவையில்லை என்பது என் கருத்து. விளம்பரத்தில் காணும் ‘2 வாட்’, ‘5 வாட்’ என்ற எண்களைக் கண்டு மயங்க வேண்டா. பிளேனர் எனப்படும் தட்டை வகையில் மட்டும் கதை வேறு. அவற்றுள் 32 ஓம் உள்ள ஒன்றுக்கு 2 வோல்ட் கொடுத்தாலே 62 மில்லியாம்பியர் பாயும். அதனைச் சிறு இணைப்பானிடம் கேட்டால் அது திணறும். தவில் அடி தகர அடியாகிவிடும். அங்கே பெருக்கி உண்மையாகவே வேண்டும்.

தேவைக்கு மேற்பட்ட பெருக்கமும் குற்றமே. திருகைச் சிறிது தொட்டதும் காது அதிரும் கருவியில், திருகின் அடிப்பகுதியிலேயே வாழ வேண்டியிருக்கும். அப்பகுதியில் இடமும் வலமும் சமமாக இருப்பது அரிது. நம் ஊர் உப்புக் காற்றோ, திருகை ஆறு மாதத்தில் கரகரக்கச் செய்துவிடும். ஒரு நாள் கை தவறினால் காதுக்கும் கேடு. ஹெட்போனை ஒலிபெருக்கிகளுக்கான பெரிய ஆம்ப்ளிபையரில் நேரே மாட்டிப் பார்த்த நண்பர் ஒருவர் எங்கள் விடுதியிலேயே உண்டு. அது 20 வோல்ட் கொடுத்தால் எச்.டி. 600-இல் எழுவது 123 டெசிபெல்! நல்லவேளை, அவர் தலையில் மாட்டிக்கொள்ளவில்லை.

அடுத்தது வெளிவாயின் தடை. மாறுமின்னோட்டத்திற்குக் காட்டும் இத்தடையை இம்பீடன்ஸ் என்பர். ஹெட்போனின் தடை எல்லாச் சுருதியிலும் ஒன்றாக இராது. 300 ஓம் என்று எழுதப்பட்ட எச்.டி. 600, தாழ்ந்த சுருதியில் 500 ஓமுக்கும் மேலே ஏறுகிறது. பெருக்கியின் வெளிவாய்க்கும் பெருந்தடை இருந்தால், வோல்ட் இரண்டுக்கும் பங்கு பிரிந்து, ஹெட்போனின் தடை உயரும் இடத்தில் ஒலி வீங்கும். வெளிவாய் 120 ஓம் என்று வைத்துக் கணக்கிட்டால் எச்.டி. 600-இல் ஏறத்தாழ 1 டெசிபெல் வீக்கம். சிலர் அதையே “உருக்கமான ஓசை” என்று புகழ்வர். ஆனால் 32-லிருந்து 80 ஓமுக்கு ஏறும் ஹெட்போன் ஒன்றில் வீக்கம் ஐந்தரை டெசிபெல்லைத் தாண்டிவிடும். மிருதங்கத்தின் தொப்பி பாடகரின் குரலையே விழுங்கும். ஹெட்போனின் ஓமை எட்டால் வகுத்து, அதற்குக் குறைவாக வெளிவாய்த் தடை உள்ளதா என்று பார்த்தால் போதும். 32 ஓமுக்கு 4 ஓம்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல். தென் அந்தமானின் மின்சாரம் பெரும்பாலும் டீசல் எந்திரங்கள் தருவது. அது போவதும் வருவதும் நாம் அறிந்ததே. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில் சுவரும் ஈரம், கையும் ஈரம். இரண்டு முள் அடாப்டரில் இயங்கும் பெருக்கியின் உலோகப் பெட்டியைத் தொட்டால் எறும்பு ஊர்வது போல் இருக்கிறதா? அடாப்டருக்குள் உள்ள சிறு மின்தேக்கி வழியே ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவாகக் கசிவதன் விளைவு அது. முறையாகச் செய்த அடாப்டரில் அது வெறும் தொல்லை. ஆனால் காசை மிச்சம் பிடிக்க அங்கே சாதாரண மின்தேக்கியைப் போட்டிருந்தால், அது கெடும் நாளில் 230 வோல்ட் உங்கள் காதோரம் வந்து நிற்கும். ஒலிக் கருவிகளின் அடாப்டரில் பி.ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறியும், ‘ஆர்’ என்ற எழுத்தோடு எட்டு இலக்கப் பதிவெண்ணும் இருத்தல் வேண்டும். அது இல்லாததை வாங்காதீர்கள். மின்கலத்தில் இயங்குவது அதனினும் நன்று. மின்சாரம் போனாலும் பாட்டு நிற்காது.

என் பெருக்கியின் கதை என்னாயிற்று? 2011-ஆம் ஆண்டில் ‘என்.டபிள்யு.ஏ.வி. கை’ என்ற புனைபெயருடைய ஒருவர், ‘ஆப்ஜெக்டிவ் 2’ என்னும் பெருக்கியின் படத்தையும் அளவுகளையும் எல்லோரும் செய்துகொள்ளுமாறு வெளியிட்டார். அவர் யார் என்று உலகம் அறியாது. 2012-க்குப் பின் அவர் எழுதவும் இல்லை. அதன் வெளிவாய்த் தடை அரை ஓம். இரண்டு 9 வோல்ட் மின்கலங்களில் ஒன்று தளர்ந்தாலும் இரண்டையும் ஒருசேரத் துண்டித்துவிடும் அமைப்பு அதில் உண்டு. ஒரு பக்க அழுத்தம் மட்டும் நின்று ஹெட்போனைச் சுடாமல் இருப்பதற்கே அந்த ஏற்பாடு. உறுப்புகளைச் சென்னையிலிருந்து வரவழைத்துப் பெரியவரின் மேசையிலேயே செய்து முடித்தோம். எச்.டி. 600-இன் ஒலிப்பகுதியைக் கழற்றி மாற்றலாம் என்பது என் நற்பேறு.

புதிய பெருக்கி மிகத் தெளிவாக ஒலிக்கிறது. அதிலும் ஓர் ஆபத்து உண்டு. சிதைந்த ஒலி “போதும்” என்று நம்மைத் தடுக்கும். தெளிந்த ஒலி தடுப்பதில்லை. வாரத்திற்கு 80 டெசிபெல்லில் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் கூறும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 89 டெசிபெல்லில் வாரம் 5 மணிதான். நான் திருகின் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

உங்கள் பெருக்கியைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டரும் 33 ஓம் தடைகள் இரண்டும் போதும். ஹெட்போனுக்குப் பதில் தடைகளை மாட்டி, பாட்டின்றி டி.சி. அளந்து பாருங்கள், 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நலம், 50-ஐத் தாண்டினால் மாட்டாதீர்கள். விசையைப் போட்டு அணைத்து, அப்போது எண் எவ்வளவு துள்ளுகிறது என்றும் பாருங்கள். பிறகு 100 ஹெர்ட்ஸ் ஓசை ஒன்றை விட்டுத் தடையின்றியும் தடையோடும் ஏ.சி. அளவெடுங்கள். என் பழைய பெருக்கியின் பிழைத்த பக்கத்தில் 500 மில்லிவோல்ட் 384 ஆகக் குறைந்தது. குறைந்த 116-ஐ 384-ஆல் வகுத்து 33-ஆல் பெருக்கினால் 10 ஓம் வருகிறது. எனக்கு அது பொருந்தும். 32 ஓம் ஹெட்போன் வைத்திருக்கும் என் அறைத்தோழருக்குப் பொருந்தாது.

மீட்டரும் தடைகளும் என்னிடம் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெருக்கியைக் கொண்டு வந்தால் பத்து நிமிடத்தில் அளந்துவிடலாம். அடாப்டரையும் மறவாமல் கொண்டு வாருங்கள்.